ஏரோபிரஸ் கோ: மலை முகாமில் காபிக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒருவரோ இருவரோ கூடாரத்தோடு மலையேறுகிறீர்கள், வழியில் டீக்கடை கிடையாது, கறுப்புக் காபி குடிப்பதில் தயக்கமில்லை என்றால் ஏரோபிரஸ் கோ என்ற கையால் அழுத்தும் காபிக்கருவியைத் தாராளமாக வாங்கலாம். நாலு பேருக்கு மேல் போகும் கூட்டத்துக்கு இது சரிப்படாது. கடைசி ஆளுக்குக் காபி வருவதற்குள் முதல் ஆள் கூடாரத்தைச் சுருட்டி முடித்திருப்பார். டிகாஷனில் பால் கலந்து நுரை பொங்க ஆற்றிக் குடித்தால்தான் காபி என்பவர்களுக்கும் இதில் வழி உண்டு. ஆனால் வீட்டு டப்பாவில் இருக்கும் சிக்கரி கலந்த பில்டர் தூளை அப்படியே கொட்டினால் அந்த வழி அடைத்துக்கொள்ளும், நிஜமாகவே.

கருவி எளிமையானது. ஒரு பிளாஸ்டிக் உருளை, அதன் அடியில் ஓட்டைகள் போட்ட திருகுமூடி, மூடிக்குள் வட்டமான வடிதாள், மேலிருந்து அழுத்த ஒரு தண்டு, தண்டின் நுனியில் காற்றுப் புகாத சிலிக்கான் அடைப்பு. உருளையில் தூளும் வெந்நீரும் போட்டுக் கலக்கித் தண்டை அழுத்தினால் கீழே வைத்த குவளைக்குள் காபி இறங்கும். ஊசி போடும் சிரிஞ்சின் வேலைதான். அமெரிக்காவின் ஆலன் ஆட்லர் இதை 2005-இல் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன்பே, வெகுதூரம் பறக்கும் ஏரோபி என்ற எறிவளையத்தால் பெயர் வாங்கியவர் அவர். பயணத்துக்கென்று உருளையைச் சற்றுக் குட்டையாக்கி, குவளையும் மூடியும் சேர்த்து 2019-இல் வந்ததுதான் ‘கோ’. ஒரு தடவைக்கு 237 மி.லி. வரை பிடிக்கும். பழைய பெரிய மாடலில் 295 மி.லி. பாகங்கள் பாலிப்ரொப்பிலீன் என்பதால் பாறையில் விழுந்தாலும் லேசில் உடையாது.

வீட்டில் காபிக்கருவியைச் சுவையை வைத்து எடைபோடுகிறோம். முகாமில், கழுவ எவ்வளவு தண்ணீர் கேட்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். சல்லடைத் தண்டால் சக்கையை அடியில் அமுக்கும் பிரெஞ்ச் பிரஸ்ஸில் சக்கை சுவரிலும் சல்லடையிலும் அப்பிக்கொள்ளும். தூக்கிவந்த நீரில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். ஏரோபிரஸ்ஸில் அழுத்தி முடித்ததும் சக்கை வட்டவில்லையாக இறுகிவிடும். மூடியைத் திருகி எடுத்துத் தண்டை இன்னொரு தள்ளு தள்ளினால் வில்லை முழுசாக விழும். அடைப்பே உருளையின் உட்சுவரை வழித்துவிடுவதால் இரண்டு மடக்குத் தண்ணீரில் மூடியை அலசினால் போதும். வில்லையை ஜிப் பையில் போட்டுத் திரும்ப எடுத்து வாருங்கள். உரம்தானே என்று ஓடையோரம் எறியக் கூடாது. அலசிய நீரையும் ஓடையிலிருந்து 60 மீட்டராவது தள்ளித்தான் ஊற்ற வேண்டும்.

குறை சொல்ல வேண்டியது அந்தக் குவளையை. எல்லாப் பாகங்களையும் உள்ளே அடுக்கி மூடிவிடலாம் என்பது கடை அலமாரியில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது பிளாஸ்டிக். அடுப்பில் வைக்க முடியாது. தண்ணீர் கொதிக்க வைக்க எப்படியும் ஒரு எவர்சில்வர் அல்லது டைட்டானியம் பாத்திரம் சுமக்கிறீர்கள், குடிக்க ஒரு குவளையும் இருக்கிறது, அப்புறம் இது எதற்கு? முழு செட்டும் முந்நூறு கிராமுக்குச் சற்று மேல் வரும். குவளையை வீட்டில் விட்டுவிட்டு உருளை, தண்டு, மூடி மூன்றையும் ஒரு துணிப்பையில் போட்டால் சுமை நன்றாகவே குறையும். மடக்குக் கரண்டியையும் விட்டுவிடலாம், சாப்பாட்டு ஸ்பூன் போதும். வடிதாள் கூட்டை மட்டும் மறக்காதீர்கள். குவளையை விடுவதாக இருந்தால் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். உங்கள் சொந்தக் குவளையின் வாய் ரொம்ப அகலமாக இருந்தால் உருளையின் விளிம்பு உள்ளே நழுவும், ரொம்பக் குறுகலாக இருந்தால் மூடி உள்ளே இறங்காது. கிளம்பும் முன் வைத்துப் பார்த்துவிடுங்கள். மடங்கும் சிலிக்கான் குவளை கூடவே கூடாது, அழுத்தும்போது குவளையும் சேர்ந்து மடங்கும்.

கறுப்புக் காபிக்கு அளவு: 15 கிராம் தூள், 200 மி.லி. நீர். தூள் பொடியுப்பின் பருமனில் இருக்கட்டும். தராசு சுமக்க வேண்டாம். வீட்டில் ஒருமுறை நிறுத்து, அளவுகரண்டியில் 15 கிராம் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டால் போதும். வடிதாளை மூடியில் வைத்து நனைத்து, மூடியை இறுகத் திருகி, குவளைமேல் உருளையை நிறுத்துங்கள். தூளைப் போட்டு லேசாகத் தட்டிச் சமன் செய்து, முதலில் 50 மி.லி. நீர் விட்டுத் தூள் முழுதும் நனையும்படி பத்து விநாடி கலக்குங்கள். மீதி நீரை ஊற்றியதும் தண்டை ஒரு சென்டிமீட்டர் மட்டும் உள்ளே செருகி விடுங்கள். மேலே காற்று அடைபடுவதால் காபி அடிவழியே சொட்டுவது நின்றுவிடும். ஒன்றரை நிமிடம் பொறுத்து, 30 விநாடியில் சீராக அழுத்துங்கள். ‘உஸ்’ என்று காற்றுச் சத்தம் வந்ததும் நிறுத்துங்கள். அதற்கு மேல் பிழிந்து எடுப்பதில் கசப்பு தவிர ஒன்றுமில்லை.

உருளையைக் கவிழ்த்து வைத்து ஊறவிட்டு, பிறகு குவளைமேல் புரட்டும் தலைகீழ் முறை ஒன்று உண்டு. வீட்டு மேடையில் செய்யுங்கள். மேடுபள்ளமான தரையில், விறைத்த விரல்களோடு, முழங்காலுக்கு மேல் 90 டிகிரி நீரைப் புரட்டுவது வேண்டாத வேலை. தீக்காயத்துக்கு மருத்துவமனை இரண்டு நாள் நடையில் இருக்கும்.

தவறுகள் பெரும்பாலும் மூன்று இடத்தில் நடக்கின்றன. மூடி பூட்டிக்கொள்ளும் விளிம்பில் தூள் சிக்கியிருந்தால் மூடி கோணலாக ஏறும். அழுத்தும்போது பக்கவாட்டில் பீய்ச்சும், சில சமயம் மூடியே கழன்று குவளைக்குள் விழும். தூளைப் போடுவதற்கு முன்பே மூடியை மாட்டினால் இந்தத் தொல்லை இல்லை. இரண்டாவது, தண்டு நகர மறுப்பது. தூள் அளவுக்கு மீறி மாவாக இருக்கிறது என்று பொருள். உடம்பின் எடையைப் போட்டு அழுத்தாதீர்கள், குவளை சாயும். தண்டை அரை சென்டிமீட்டர் மேலே இழுத்து, பத்து விநாடி விட்டு மெதுவாகத் திரும்ப அழுத்துங்கள். மூன்றாவது, தரை. புல்தரையிலோ பனியிலோ குவளையை வைத்து அழுத்தினால் ஒரு பக்கம் அமிழும். தட்டையான கல்லைத் தேடிக்கொண்ட பிறகு தண்ணீர் கொதிக்க வையுங்கள்.

இந்தக் கருவி உயரமான இடங்களில் ஏன் ஜெயிக்கிறது என்பதுதான் சுவாரசியமான பகுதி. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைகிறது, தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடுகிறது. 300 மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஊட்டி, கொடைக்கானல் உயரத்தில் கொதிநிலை 93 டிகிரியை ஒட்டி, 3,000 மீட்டரில் 90, 4,000 மீட்டரில் 87. உத்தராகண்டின் கேதார்காந்தா உச்சி 3,800 மீட்டர். அங்கே எவ்வளவு நேரம் கொதிக்க விட்டாலும் தண்ணீர் 88-ஐத் தாண்டாது. நம் பில்டருக்கு இது பாதகம். கொதிக்கக் கொதிக்க ஊற்றி, தானாகச் சொட்டி இறங்கும் முறை அது, சூடுதான் அதன் பலம். ஏரோபிரஸ்ஸுக்கு ஆட்லர் பரிந்துரைத்ததே 80 முதல் 85 டிகிரி. கலக்குவதும் அழுத்துவதும் சூட்டின் குறையை ஈடுகட்டும். அதனால் 4,000 மீட்டரில் கொதித்த நீரை நேராக ஊற்றலாம், ஆற வைக்கத் தேவையில்லை. லேசாக வறுத்த கொட்டையானால் ஊறும் நேரத்தை இரண்டரை நிமிடமாக்கிக்கொள்ளுங்கள். கருக வறுத்ததற்கு ஒன்றரை நிமிடமே போதும். கீழ்மலைகளில்தான் கொதித்த நீரை ஒரு நிமிடம் திறந்து வைக்க வேண்டியிருக்கும். பிளாஸ்டிக் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும் என்பதும் குளிரில் ஒரு லாபம்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. ஓடை நீரானால் கொப்பளித்துக் கொதிக்க ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம் விடுங்கள். பனியாற்று நீர் கலங்கலாக இருக்கும், இரவே பாத்திரத்தில் பிடித்துத் தெளியவைத்துத் துணியில் வடித்துக்கொள்ளலாம். குளோரின் மாத்திரை போட்ட நீரில் காபி போடாதீர்கள். எவ்வளவு நல்ல கொட்டையானாலும் நீச்சல்குள வாசம்தான் முன்னால் நிற்கும்.

இனி டிகாஷன். பொடியாக அரைத்த தூள் 20 கிராம், கொதிக்கும் நீர் 90 மி.லி. இருபது விநாடி கலக்கி, தண்டைச் செருகி, இரண்டு நிமிடம் விட்டு, முக்கால் நிமிடம் எடுத்துக்கொண்டு மெதுவாக அழுத்தினால் 65 மி.லி. அளவுக்குக் கிடைக்கும். இரவெல்லாம் இறங்கிய பில்டர் டிகாஷனின் தடிப்பு இதில் வராது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தாள் எண்ணெய்ப் பசையைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. உலோக வடிகட்டி வட்டு தனியாகக் கிடைக்கிறது, அதைப் போட்டால் பசை இறங்கும், கூடவே கொஞ்சம் வண்டலும். பால் கலப்பவர்களுக்கு உலோக வட்டு, கறுப்பாகக் குடிப்பவர்களுக்குத் தாள் என்பது எங்கள் பரிந்துரை.

சிக்கரிதான் இங்கே வில்லன். நனைந்ததும் பிசுபிசுத்துத் தாளின் துளைகளை அடைக்கும், தண்டு பாதியில் நின்றுவிடும். காபி–சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது நம் நாட்டு விதி. அதாவது கிட்டத்தட்டப் பாதி சிக்கரியாக இருந்தாலும் சட்டப்படி சரிதான். பாக்கெட்டில் விகிதம் அச்சிட்டிருக்கும், பாருங்கள். காபிக்கடையில் அரைக்கச் சொல்லும்போது சிக்கரி வேண்டாம், பில்டருக்கு அரைப்பதைவிட ஒரு படி கொரகொரப்பாக என்று கேளுங்கள். பாலுக்குத் தாங்க வேண்டுமானால் பீபெரியோடு கால் பங்கு ரொபஸ்டா சேர்க்கலாம். சிக்கரி இல்லாமல் முடியவே முடியாது என்றால் 20 கிராமில் 2 கிராம் வரை பரவாயில்லை.

பாலுக்கு முழுக்கொழுப்புப் பால்பவுடர். 100 மி.லி. நீருக்கு 13 கிராம், அதாவது குவித்த இரண்டு மேசைக்கரண்டியை ஒட்டி. வெந்நீரில் நேராகக் கொட்டினால் கட்டி கட்டியாகத் திரளும். இரண்டு கரண்டி வெதுவெதுப்பான நீரில் முதலில் குழைத்து, பிறகு சூடான நீரை ஊற்றி விரிக்க வேண்டும். சர்க்கரையைப் பால்பவுடரோடு முன்கூட்டியே கலந்து பொட்டலம் கட்டினால் கட்டியும் குறையும், ஒரு டப்பாவும் மிச்சம்.

தூளை வேளைக்கு ஒன்றாகப் பிரித்துச் சிறு ஜிப் பைகளில் அடைப்பது நல்லது. ஒரே டப்பாவைத் தினமும் திறந்தால் நாலாம் நாள் வாசனை போய்விடும், மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரத்தில் அதற்கும் முன்பே. பைகளை விறைப்பாக அடைக்காதீர்கள். 3,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். உள்ளிருக்கும் காற்று விரிந்து பை உப்பும், புதிதாக வறுத்த தூளானால் அதிலிருந்து வரும் வாயுவும் சேர்ந்துகொள்ளும். மூன்று நாலு நாள் நடைக்குக் கைக்கிரைண்டர் தேவையில்லை. கால் கிலோவிலிருந்து அரைக் கிலோ வரை எடை அது. ஒரு வாரத்துக்கு மேல் போகிறவர்கள் யோசிக்கலாம்.

எரிபொருள் கணக்கு: பத்து டிகிரி குளிர்ந்த கால் லிட்டர் நீரை 90-க்குக் கொண்டுபோக, காற்றில்லாத இடத்தில் சுமார் 4 கிராம் கேஸ் போகும். 230 கிராம் கேஸ் அடைத்த கேனிஸ்டரில் (முகாம் அடுப்புக்கான சிறு உருளையில்) காபி மட்டும் போட்டால் ஐம்பது கோப்பைக்கு மேல் வரும். காற்றடித்தால் இது பாதியாகும். அதற்காகக் கேனிஸ்டரையும் சேர்த்து முழுதாகத் தகரத்தால் சுற்றி மறைக்காதீர்கள். சூடேறி வெடிக்கும். காற்று வரும் பக்கம் மட்டும் கல்லோ முதுகுப்பையோ தள்ளி வைத்தால் போதும். மேசை அடுப்புக்கு விற்கும் நீள டப்பாக்களில் பெரும்பாலும் பியூட்டேன்தான் இருக்கும். அது உறைநிலைக் குளிரில் ஆவியாகவே மறுக்கும். ஐசோபியூட்டேன், புரொப்பேன் கலந்த திருகுவகைக் கேனிஸ்டரை வாங்கி, இரவில் தூங்கும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் எந்தப் பெட்டியிலும் இதற்கு அனுமதி இல்லை, டேராடூன், மணாலி, லே என்று இறங்கிய ஊரில்தான் வாங்க வேண்டும். கூடாரத்துக்குள் அடுப்பு பற்றவைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

போட்டியாளர்களில் மோக்கா பாட் மரியாதைக்குரியது. 1933-இலிருந்து இருக்கும் இத்தாலிய வடிவம். அடிக்கலத்தின் அழுத்தத்தால் நீர் மேலேறுவதால் உயரம் இதை அதிகம் பாதிப்பதில்லை, டிகாஷனும் ஏரோபிரஸ்ஸைவிட அழுத்தமாக வரும். பாலுக்குக் கச்சிதம். ஆனால் அடி குறுகலான சிறு பாட் முகாம் அடுப்பின் மூன்று கால்களில் நிற்காது, குறுகிய தீ நடுவில் மட்டும் தாக்குவதால் காபி காந்தும். சூடு ஆறும் வரை திறக்க முடியாது, கழுவவும் நீர் வேண்டும். கார் போகும் முகாமுக்கு அது, தோளில் சுமப்பவருக்கு இது.

எவர்சில்வர் பில்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஏரோபிரஸ் கோ அதைப் போலப் பல மடங்கு விலை. 2,000 மீட்டருக்குள், காலையில் அவசரமில்லாத முகாமில், நாலு பேருக்கு 40 கிராம் தூள், 200 மி.லி. நீர் என்று பில்டரே போதும். வெந்நீரில் முக்கியெடுத்துச் சூடாக்கி, கம்பளிக் குல்லாவால் சுற்றி வைத்தால் இருபது நிமிடத்தில் இறங்கிவிடும். சுற்றாமல் குளிர்காற்றில் வைத்தால் தகரம் நிமிடத்தில் சில்லிட்டு, பாதி சாரம் தூளிலேயே தங்கிவிடும். பெரிய கூட்டத்துக்கு எந்தக் கருவியும் வேண்டாம். கொதித்து இறக்கிய ஒரு லிட்டர் நீரில் 60 கிராம் கொரகொரப்பான தூளைப் போட்டுக் கலக்கி, நாலு நிமிடம் மூடி, ஒரு கை குளிர்நீர் தெளித்தால் மண்டி அடியில் தங்கும். துணியில் வடித்து ஊற்றினால் எட்டுப் பேர் குடிக்கலாம்.

தமிழ்நாட்டுக் காடுகளில் அடுப்பு பற்றவைக்கும் எண்ணமே வேண்டாம். காப்புக்காட்டில் தீ மூட்டுவது குற்றம். 2018 மார்ச்சில் நடந்த குரங்கணித் தீவிபத்துக்குப் பிறகு கெடுபிடியும் கூடியிருக்கிறது. தங்குமிடத்திலேயே ஏரோபிரஸ்ஸில் போட்டு, வெந்நீரால் சூடாக்கிய பிளாஸ்கில் ஊற்றி எடுத்துச் செல்லலாம். பாலைக் கலக்காமல் எடுத்துச் சென்றால் மதியம் வரை சுவை கெடாது.

பராமரிப்பு அதிகமில்லை. பையில் வைக்கும்போது சிலிக்கான் அடைப்பு உருளையின் நடுவில் அழுந்திக் கிடக்கக் கூடாது. அப்படியே மாதக்கணக்கில் விட்டால் சுருங்கிப் பிடிப்பை இழக்கும். தண்டை முழுதாகத் தள்ளி அடைப்பு அடிப்பக்கம் வெளியே தெரியும்படி வையுங்கள், அல்லது தனியாகக் கழற்றி வையுங்கள். உறைபனிக் காலையில் அடைப்பு விறைத்திருந்தால் வெந்நீரில் ஒரு முறை முக்கினால் இளகும். வடிதாளை அலசிக் காயவைத்து இரண்டு மூன்று தடவை பயன்படுத்தலாம். தாள் கூட்டைத் தனி ஜிப் பையில் போடுங்கள், நமுத்துப்போன தாள் மூடியில் ஒழுங்காகப் படியாது. தாளே தீர்ந்துவிட்டால் சுத்தமான பருத்தித் துணியை மூடியின் அளவுக்கு வட்டமாக வெட்டி நனைத்துப் போடலாம். அழுத்தம் சற்றுக் குறைவாகவும், வண்டல் சற்றுக் கூடுதலாகவும் இருக்கும், மற்றபடி வேலை நடக்கும்.